கையெழுத்துக் கட்டத்தில் அவர் எழுதியது

நீங்கள் பொய் சொன்னீர்கள். கட்டட முதலாளிகள் கூடிய மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, உங்கள் சைட்டில் எல்லாருக்கும் சேஃப்டி பெல்ட் கொடுத்ததாகவும், எல்லாரும் கையெழுத்துப் போட்டு வாங்கியதாகவும், அந்தக் கொத்தனார் தானே அதைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாரத்தில் ஏறியதாகவும் சொன்னீர்கள். அந்த வீடியோவை நான் நாலு தடவை பார்த்தேன். நாலு தடவையும் அதே பொய். பெல்ட் இருந்த பீரோவின் சாவி என் இடுப்பில் இருந்தது. ஆகவே இந்த விஷயத்தில் உங்களைவிட எனக்கு அதிகம் தெரியும்.

அந்தக் கொத்தனார் இப்போது வள்ளியூர்ப் பக்கம் தன் வீட்டில் கிடக்கிறார். இடுப்பெலும்பு சேர்ந்துவிட்டது. வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. விழுந்தது அவர் தப்பா, உங்கள் தப்பா என்று விசாரித்த தொழிலாளர் அலுவலகம் இன்னும் உத்தரவு போடவில்லை. அவர் தப்பு என்று எழுதிவிட்டால் சொன்ன பேச்சைக் கேட்காமல் விழுந்தவன் என்ற பேர் அவருக்கு நிலைத்துவிடும். நஷ்டஈடும் கிடையாது, எந்த மேஸ்திரியும் இனிக் கூப்பிடவும் மாட்டார். உத்தரவு வருமுன்பே நீங்கள் மேடையில் ஏறித் தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள்.

ஆனால் உங்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. உங்கள் சைட்டில் சாந்துச் சட்டி சுமந்த ஒரு அம்மாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்களுக்கு அவர் முகம்கூட ஞாபகம் இருக்காது.

நான் அங்கே ஸ்டோர் கீப்பர். கரமனை ஆற்றோரத்தில் நீங்கள் கட்டிய ஆறு மாடிக் குடியிருப்பில் ஒன்றரை வருஷம் இருந்தேன். சிமென்ட், கம்பி, ஆணி, கையுறை எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். எனக்கு வீடு ஸ்ரீவராகம். வீட்டுக்குள் தமிழ், தெருவில் இரண்டும், பள்ளிக்கூடத்தில் மலையாளம். எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் நாள் முழுக்கத் தமிழ் பேசுவார்கள். ஒரு வரி தமிழ் வாசிக்கச் சொன்னால் முழிப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். கல்யாணப் பத்திரிகை தமிழில் வந்தால் மலையாளத்தில் அச்சடித்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த அம்மா திங்கட்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கும் கூட்டத்தில் ஒருவர். ஐந்து பெண்கள், நாலு கொத்தனார்கள், எல்லாரும் ஒரே ஊர்ப் பக்கம். வயது நாற்பத்தைந்து இருக்கும். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் சும்மாடு, இடுப்பில் ஒரு சுருள் நைலான் கயிறு. அந்தக் கயிறு கம்பெனி கொடுத்ததில்லை. ஊரிலிருந்து அவரே கொண்டுவந்தது.

கயிறு எதற்கு என்று முதல் வாரமே பார்த்துவிட்டேன். சாரத்தில் பலகை போடுகிறவர்கள் பாதி நேரம் அதைக் கட்டுவதில்லை. மூங்கில் மேலே சும்மா வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்த அம்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, பலகையின் ஓரத்தைக் குதிகாலால் இரண்டு தடவை மிதிப்பார். ஆடினால் உட்கார்ந்து கட்டுவார். கட்டி முடிக்கும்வரை பின்னால் வரும் பெண்களை ஏறவிட மாட்டார். பின்னால் சட்டியோடு ஒருத்தி கழுத்து நோக நின்று திட்டுவாள். "திட்டு தாயி, உயிரோட இருந்து திட்டு" என்பார் இவர், கட்டிக்கொண்டே. சாரத்துக்குக் கீழே யாராவது பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றால் அவனைக் கூப்பிட்டு நகரச் சொல்லாமல் மேலே ஒரு செங்கல்கூடக் கைமாற விடமாட்டார். முப்பது வருஷம் இந்தத் தொழிலில் ஸ்டோர் பார்த்திருக்கிறேன். சேஃப்டி ஆபீசர் என்று அட்டை மாட்டியவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். குதிகாலால் பலகையை மிதித்துப் பார்த்த ஒரு ஆபீசரைக்கூடப் பார்த்ததில்லை.

இனி பெல்ட். பன்னிரண்டு பெல்ட் இருந்தது. சாரத்தில் அறுபது பேர். பன்னிரண்டும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் என் பீரோவில் இருந்தன. பரிசோதனைக்கு ஆள் வருகிறார் என்று போன் வந்தால் சைட் இன்ஜினியர் ஓடிவந்து பீரோவைத் திறக்கச் சொல்வார். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற பக்கமாகப் பன்னிரண்டு பேரை நிறுத்தி மாட்டிவிடுவார்கள். மாட்டத் தெரியாமல் ஒரு கொத்தனார் காலில் போட வேண்டிய வாரைக் கையில் போட்டுக்கொண்டு நின்றார். அந்த அம்மா அவரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "மாப்பிள தயாரு, பொண்ணு எங்கடே" என்று கேட்டதில் சாரமே சிரித்தது. வந்தவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அவர் வண்டி கேட்டைத் தாண்டியதும் நான் பெல்ட்டுகளை வாங்கி, எண்ணி, உறையில் போட்டுப் பூட்டினேன். உறையைக் கிழிக்காமல் எடுக்க வேண்டும் என்பது உத்தரவு. அதை நான் ஒழுங்காகச் செய்தேன்.

ரிஜிஸ்டர் தனிக் கூத்து. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேலை தொடங்குமுன் எல்லாரும் என் ஜன்னல் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் தலைப்பு அச்சடித்த பெரிய புத்தகம். பேர், ஹெல்மெட், பெல்ட், ஷூ, கடைசியில் கையெழுத்துக் கட்டம். ஹெல்மெட் உண்மையிலேயே கொடுத்தோம். ஷூ பாதிப் பேருக்கு. பெல்ட் யாருக்கும் இல்லை. ஆனால் எல்லாக் கட்டத்திலும் நான் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பேன். கையெழுத்துப் போடாதவருக்கு அன்றைக்கு வேலை இல்லை. முதல் வாரமே ஒரு கொத்தனார் கேள்வி கேட்டார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

எல்லாரும் ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டுப் போவார்கள். இந்த அம்மா மட்டும் நேரம் எடுப்பார். குனிந்து, கட்டத்துக்குள்ளேயே, எறும்பு ஊர்வது மாதிரி சின்ன எழுத்தில் இரண்டு வரி எழுதுவார். பேர் நீளமாக இருக்கும், அப்பா பேர் ஊர்ப் பேர் எல்லாம் சேர்த்து எழுதுகிறார் என்று நினைத்தேன். எட்டாவது வரை படித்தவர். அந்தப் படிப்பை வாரம் ஒரு தடவை காட்டிக்கொள்கிறார் என்றும் நினைத்தேன். ஒருநாள் இன்ஜினியர் அந்தக் கட்டத்தைப் பார்த்து, இது என்ன கதையா என்று சிரித்துவிட்டு, "ஒப்பு உண்டல்லோ, மதி" என்றார். கையெழுத்து இருக்கிறது, அது போதும். உங்கள் கம்பெனியின் கொள்கை முழுவதும் அந்த ஒரு வாக்கியம்தான்.

எழுதி முடித்துப் பேனாவைத் திருப்பித் தரும்போது அந்த அம்மா என் முகத்தைப் பார்ப்பார். "வாசிச்சியளா சார்?" என்று கேட்பார். நான் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டி, "பார்த்தாச்சு, பார்த்தாச்சு" என்பேன். அவர் வாய் கோணும். சட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒன்றரை வருஷம் அந்தக் கேள்வியும் அந்தத் தலையாட்டலும் நடந்தன.

அவர் ஊர்க்காரக் கொத்தனார் விழுந்தது ஒரு வியாழக்கிழமை, காலை டீ முடிந்து கொஞ்ச நேரத்தில். நாலாம் மாடி, வடக்குப் பக்கம், வெளிச்சுவர்ப் பூச்சு. கட்டாத பலகை ஒன்று ஓரத்தில் தூக்கியது. அவர் இரண்டாம் மாடி சன்ஷேடில் இடுப்பு அடிபட்டு, அங்கிருந்து மணல் குவியலில் விழுந்தார். மணல் இருந்ததால் உயிர் இருந்தது. நான் ஓடிப்போனபோது நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கப் போனார்கள். அந்த அம்மா ஆறாம் மாடியிலிருந்து எப்படி இறங்கினாரோ, கூட்டத்துக்குள் புகுந்து ஒருவன் கையைத் தட்டிவிட்டார். "தூக்காத. கதவக் கொண்டா." ஸ்டோருக்கு வெளியே மாட்டாத கதவு சாய்த்து வைத்திருந்தது. அதைக் கொண்டுவந்து, உருட்டாமல் நெளிக்காமல் அவரை அதன்மேல் ஏற்றி, கீழ்ச் சாரத்துப் பலகையில் தானே கட்டியிருந்த நைலான் கயிற்றை அவிழ்த்து மார்பிலும் தொடையிலும் கட்டினார். ஒரு சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. மெடிக்கல் காலேஜில் டாக்டர், இப்படிக் கொண்டுவந்ததால்தான் கால் பிழைத்தது என்று சொன்னாராம்.

அந்த நேரத்தில் உங்கள் இன்ஜினியர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று சொல்கிறேன். பீரோச் சாவியைக் கேட்டார். கொடுத்தேன். ஒரு பெல்ட்டை உறையிலிருந்து உருவி, சிமென்ட் தூளில் புரட்டி, நாலாம் மாடிச் சாரத்தில் கொண்டுபோய்த் தொங்கவிட்டார். போலீஸ் வந்து அதைப் போட்டோ எடுத்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சாவியைக் கொடுத்த கை என் கை.

விசாரணைக்கு ஆதாரமாக நீங்களே ரிஜிஸ்டர்களைக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். ஒன்றரை வருஷப் புத்தகங்கள், கயிறு கட்டி, சீல் வைத்து. கொடுக்குமுன் எல்லாப் பக்கங்களையும் போனில் போட்டோ எடுத்து வைக்கச் சொன்னார்கள், எடுத்தேன். என்னைச் சாட்சியாகக் கூட்டிப்போனார்கள். பெல்ட் கொடுத்தது நான்தான் என்று சொன்னால் போதும், வேறு எதுவும் பேச வேண்டாம் என்று உங்கள் வக்கீல் காரில் சொல்லிக்கொடுத்தார். விசாரித்த அதிகாரி ஒரு மலையாளி அம்மா. மேஜைக்கு அந்தப் பக்கம் கொத்தனாரின் மனைவி, அவர் பக்கத்தில் நம் சித்தாள் அம்மா, வெளுத்த சேலையில், மேலே அந்த ஆண்பிள்ளைச் சட்டை இல்லாமல். ஊரிலிருந்து இதற்காகவே வந்திருந்தார்.

உங்கள் வக்கீல் ரிஜிஸ்டரைத் திறந்து, கொத்தனாரின் கையெழுத்தைக் காட்டினார். வாரா வாரம் பெல்ட் வாங்கியதற்கு ஒப்பு. சாட்சிக்கு வந்திருக்கும் இந்த அம்மாவே ஒரு வாரம் தவறாமல் ஒப்புப் போட்டிருக்கிறார் என்று அந்தக் கட்டத்தையும் விரல் வைத்துக் காட்டினார்.

சித்தாள் அம்மா எழுந்தார். "அது ஒப்பு இல்ல மேடம். வாசிக்கச் சொல்லுங்க."

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். புத்தகத்தை என் பக்கம் திருப்பி, நீங்கள் தமிழர்தானே, வாசியுங்கள் என்றார். அறை முழுக்க என்னைப் பார்த்தது. எழுத்து எறும்பு எறும்பாகத் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

"நேக்குத் தமிழ் வாசிக்க அறியாது" என்றேன்.

சித்தாள் அம்மா மெதுவாகத் திரும்பினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாசிக்கத் தெரியாதா? வாசிச்சுட்டுத்தான் வாயப் பொத்திக்கிட்டு இருக்கியள்னுல்லா ஒன்றர வருசமா உங்கள மனசுக்குள்ள வஞ்சேன்." பிறகு, "தமிழ் பேசுதியளேய்யா" என்றார்.

எழுத்து தெரியாது என்பது உண்மை. ஆனால் பெல்ட் கொடுக்கவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு எந்த எழுத்து வேண்டும்? பூட்டியதே நான்.

அவரையே வாசிக்கச் சொல்லலாம் என்று அதிகாரி நினைத்தார். உங்கள் வக்கீல், அவர் எழுதியதாக எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று தடுத்தார். அதிகாரி பக்கத்து அறையிலிருந்து ஒரு குமாஸ்தாவைக் கூப்பிட்டார். களியக்காவிளைப் பக்கத்துக்காரர், தமிழ்ப் பள்ளியில் படித்தவர். அவர் நின்றபடியே, கரண்ட் பில் வாசிப்பது மாதிரி வாசித்து, ஒவ்வொன்றையும் மலையாளத்தில் சொன்னார். பெல்ட் யாருக்கும் தரவில்லை. பெல்ட் பீரோவில் இருக்கிறது. இந்த வாரமும் பெல்ட் தரவில்லை. ஆறாம் மாடி லிஃப்ட் குழிக்கு மறைப்பு இல்லை, ஒரு பிள்ளை தப்பினாள். மிஷின் வயர் தண்ணீரில் கிடக்கிறது. பெல்ட் தரவில்லை. போன வாரம் ஆபீசர் வந்தார், பெல்ட் தந்தார்கள், போனதும் வாங்கிவிட்டார்கள். வக்கீல் இடையில் ஏதோ சொல்லப் பார்த்தார், அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். கொத்தனார் விழுந்த வாரத்துத் திங்கட்கிழமைப் பக்கத்தைக் குமாஸ்தா திருப்பினார். நாலாம் மாடி வடக்குப் பக்கம் பலகை கட்டவில்லை. இன்ஜினியரிடம் சொன்னேன். என் கயிறு தீர்ந்துவிட்டது.

அதை வாசிக்கும்போது குமாஸ்தாவின் குரல் மாறியது.

எதற்காக இப்படி எழுதினீர்கள், வெளியே வந்து புகார் கொடுத்திருக்கலாமே என்று அதிகாரி கேட்டார். அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கையெழுத்துப் போடலேன்னா வேல இல்ல மேடம். பொய்க்குப் போடவும் மனசு வரல. இந்தப் புஸ்தகம் பெரிய ஆபீசுக்குப் போவும்னு சொன்னாவ. அங்க தமிழ் தெரிஞ்சவிய ஒருத்தராவது இருக்கமாட்டாவளான்னு உள்ளத எழுதினேன்."

பிறகு மேஜையில் கிடந்த போலீஸ் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சாரத்தில் தொங்கிய பெல்ட். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். "ஒன்றர வருசம் கொத்தனாரு மாட்டின பெல்ட்டுன்னா இதுல வேர்வக் கற எங்க?" என்று கேட்டு, போட்டோவை என் முன்னால் வைத்தார். அதிகாரி முன்னால் வைக்கவில்லை.

அதற்கு மேல் சும்மா இருந்திருந்தால் நான் மனுஷன் இல்லை. பன்னிரண்டு பெல்ட், அறுபது பேர், பீரோ, உறை, சாவி, சிமென்ட் தூள், எல்லாம் சொன்னேன். திரும்பும்போது உங்கள் வக்கீல் காரில் எனக்கு இடம் இல்லை. பஸ்ஸில் வந்தேன். மறுநாள் முதல் ஸ்டோருக்கு வேறு ஆள்.

நான் பேசியதை யாரும் பாராட்ட வேண்டாம். அந்த அம்மா வாசலில் நின்றபோது போய், மன்னிக்க வேண்டும் என்று சொல்லப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஒண்ணாங்கிளாஸ் புஸ்தகம் எங்கேயும் கிடைக்கும், வாங்கிப் படியுங்கள் என்றார். அவ்வளவுதான். கொத்தனாரின் மனைவியைக் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டிக் கூட்டிப்போனார். இரண்டு பக்கமும் பார்த்து, பின்னால் ஒரு கையை விரித்து, அவளை நிறுத்தி, பஸ் போனபிறகு விட்டார். சாரத்தில் பெண்களை நிறுத்துவது போலவே.

படித்தேன். சாலைக் கடைத்தெருவில் வாங்கிய புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஐம்பத்தாறு வயதில், அ ஆ முதல். பேசத் தெரிந்த பாஷை என்பதால் சீக்கிரம் வந்தது. இதை எழுதுகிற அளவுக்கு வந்திருக்கிறது. பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன். எழுத்துக் கூட்ட வந்ததும் போனில் இருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் பெரிசாக்கி வாசித்தேன். எழுபதுக்கு மேற்பட்ட திங்கட்கிழமைகள். ஒரு வாரம்கூட அந்தக் கட்டத்தில் அவர் தன் பேரை எழுதவில்லை. ஒரு வாரம்கூடப் பொய் எழுதவில்லை. ஒருநாள் மட்டும் சைட்டைப் பற்றி இல்லாமல் என்னைப் பற்றி ஒரு வரி: ஸ்டோர் சார் வாசிப்பார், பேசமாட்டார். அந்தப் பக்கத்தில் பெல்ட்டுக்கு டிக் போட்டிருக்கிற பேனாவும் என்னுடையது. அன்றைக்கு முழுக்க நான் சாப்பிடவில்லை.

அவர் இப்போது நாங்குநேரிப் பக்கம் வேறு சைட்டில் இருக்கிறார் என்று கேள்வி. இடுப்பில் புதுக் கயிறு இருக்கும். பழையது கொத்தனாரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. முப்பது வருஷத்தில் நான் பார்த்த ஒரே சேஃப்டி ஆபீசர் அவர்தான். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை, கூலியும் கொடுக்கவில்லை.

முதலாளி, நீங்கள் மேடையில் சொன்னது கையெழுத்து இருக்கிறது என்று. இருக்கிறது. உங்கள் புத்தகம், நீங்களே கொடுத்த ஆதாரம். உங்களுக்குத் தமிழ் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இலவசமாக வருகிறேன். அதே மண்டபத்துக்கு வாருங்கள், அதே மைக்கைப் பிடியுங்கள், கொத்தனார் விழுந்த வாரத்துக் கட்டத்தில் அந்த அம்மா எழுதிய மூன்று வாக்கியத்தையும் எல்லாரும் கேட்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்று, அந்தக் கொத்தனார் எந்த பெல்ட்டைக் கழற்றிப் போட்டார் என்று சொல்லுங்கள்.